நாலு வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும் என்கிறீர்களே, எந்தக் கணக்கில்?

வீட்டுக் கூரைகளில் சோலார் அமைப்பு விற்றுப் பொருத்தித் தரும் நிறுவனங்களுக்கும், அவற்றுக்காக வீடு வீடாக வரும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் கொட்டேஷன்கள் அடிக்கடி என் கைக்கு வருகின்றன. என் கூரையில் பேனல் இருப்பதால், வாங்க நினைக்கும் உறவினர்களும் நண்பர்களும் "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று அனுப்பி வைக்கிறார்கள். எல்லாம் ஒரே அச்சுதான். பேனலின் பெயர், பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரின் பெயர், எத்தனை கிலோவாட், மொத்த விலை, மானியம் கழித்த விலை. அப்புறம் தடித்த எழுத்தில் ஒரு வரி: போட்ட காசு நாலு ஆண்டில் திரும்பிவிடும். சிலர் மூன்றரை என்றும் போடுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தாளின் எந்த மூலையிலும் இருப்பதில்லை. இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது.

நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரி இல்லை. யார் கேட்டாலும், கூரையில் வெயில் விழுந்தால் போடுங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறேன். பொருள் நல்ல பொருள். அதை விற்கப் பொய்க்கணக்கு தேவையே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

கணக்குக்கு வருவோம். விலைவாசியும் மின்கட்டணமும் இடத்துக்கு இடம் மாறுவதால், நான் பணத்தில் பேசுவதில்லை, யூனிட்டில் பேசுகிறேன். அமைப்பின் விலையை, நீங்கள் இன்று ஒரு யூனிட்டுக்குக் கொடுக்கும் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை யூனிட் கரண்ட் வாங்கலாம் என்று வரும். பேனல் அத்தனை யூனிட்டை உங்களுக்குத் திருப்பிக் கொடுத்த அன்றுதான் போட்ட காசு வந்த நாள். இந்த முறையில் ஒரு வசதி, எந்த ஊரில் எந்தப் பணத்தில் வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 3 கிலோவாட் அமைப்பு. விலை 27,000 யூனிட்டுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம் மானியம் கிடைக்கிறது. மிச்சம் 18,900 யூனிட். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு கிலோவாட் ஆண்டுக்கு 1,400 யூனிட் கொடுக்கும் என்றால், 3 கிலோவாட்டுக்கு 4,200. 18,900-ஐ 4,200-ஆல் வகுத்தால் நாலரை ஆண்டு. மின்கட்டணம் ஆண்டுதோறும் 8 சதவீதம் ஏறும் என்று ஓர் ஊகத்தையும் சேர்த்துக்கொண்டால் கச்சிதமாக நாலு ஆண்டு வந்து நிற்கும். உங்கள் தடித்த எழுத்து வரி இப்படித்தான் பிறக்கிறது. கூட்டலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. பிழை, சொல்லாமல் விட்டதில் இருக்கிறது.

முதலாவதும் பெரியதும்: பேனல் தயாரிக்கும் எல்லா யூனிட்டுக்கும் ஒரே மதிப்பு இல்லை. வெயில் அடிக்கும் நேரத்தில் வீட்டில் ஓடும் விசிறியும் ஃபிரிட்ஜும் தின்னும் யூனிட், நீங்கள் வாங்காமல் விட்ட யூனிட். அதற்கு முழுக் கட்டண மதிப்பு. வீட்டுக்குத் தேவைப்படாமல் கம்பி வழியே வெளியே போகும் யூனிட்டுக்கு, மின்வாரியமோ மின் நிறுவனமோ என்ன கொடுக்கிறதோ அதுதான் மதிப்பு. கொடுத்த யூனிட்டுக்கு ஈடாக ஒரு யூனிட்டைக் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங் முறை இருந்தால் இரண்டும் ஒன்றுதான். உங்கள் நாலு ஆண்டுக் கணக்கு கிட்டத்தட்டச் சரி. ஆனால் பல இடங்களில் இன்று வெளியே போகும் யூனிட்டுக்குக் கிடைப்பது, உள்ளே வரும் யூனிட்டுக்குக் கொடுப்பதில் ஒரு பங்குதான்.

பகலில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் வீடு என்றால், தயாரிப்பதில் 40 சதவீதத்தை வீடே பயன்படுத்துவது சாதாரணம். மீதி 60 சதவீதம் வெளியே போகிறது. அதற்கு மூன்றில் ஒரு பங்கு விலை என்று வைப்போம். 4,200-இல் 1,680 யூனிட்டுக்கு முழு மதிப்பு. மிச்சம் 2,520 யூனிட், மதிப்பில் 840 யூனிட்டாகச் சுருங்கிவிடுகிறது. ஆக மொத்தம் 2,520. இப்போது 18,900-ஐ வகுத்தால் ஏழரை ஆண்டு. பேனலும் அதே, கூரையும் அதே, வெயிலும் அதே. நாலரை ஏழரை ஆகிவிட்டது. இத்தனைக்கும் இந்தக் கணக்குக்குத் தேவையான இரண்டு எண்களும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. அந்த ஊரில் வெளியே போகும் யூனிட்டுக்கு என்ன விலை என்பது உங்கள் தொழிலின் அரிச்சுவடி. வீட்டில் பகலில் யார் இருப்பார்கள் என்பது ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை வாங்குபவரிடம் கேட்ட ஒரு பிரதிநிதியைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

கேட்டிருந்தால் உங்களுக்கே விற்பனை எளிதாகும். துணி துவைப்பது, மோட்டார் போடுவது, வெந்நீர் போடுவது, மின்வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது இவற்றைக் காலை பத்திலிருந்து மூன்று மணிக்குள் தள்ளிவைத்தால், சொந்தப் பயன்பாடு 40-இலிருந்து 60 சதவீதத்துக்குப் போகலாம். டைமர் வைத்தால் ஆள் வீட்டில் இருக்க வேண்டியதுகூட இல்லை. அப்போது மதிப்பு ஆண்டுக்கு 3,080 யூனிட். ஏழரை ஆண்டு ஆறு ஆண்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். கூடுதலாக ஒரு பேனல்கூட வாங்காமல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மிச்சம். இதைச் சொல்லித் தரும் கொட்டேஷன் எங்கே?

அதற்குப் பதிலாக நீங்கள் சொல்வது, "மூணு எதுக்கு சார், அஞ்சு கிலோவாட்டா போட்டுடலாம், கூரைல இடம் இருக்குல்ல?" என்பது. கிலோவாட் கூடக் கூட, கிலோவாட்டுக்கு ஆகும் செலவு குறையும், உண்மை. ஆனால் பகலில் வீட்டின் பசி அப்படியேதான் இருக்கிறது. கூடுதலாக வரும் இரண்டு கிலோவாட்டின் யூனிட் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு விலைக்குத்தான் வெளியே போகும். ஒன்றுக்கு ஒன்று கழிக்கும் ஊரில் ஆண்டு முழுக்க ஆகும் பயன்பாட்டுக்குத் தக்கபடி போடுவது சரி. மற்ற ஊர்களில் பகல் பயன்பாட்டுக்குத் தக்கபடி போடுவதே சீக்கிரம் காசைத் திருப்பும்.

இதில் இன்னொரு நெளிவும் இருக்கிறது. அதிகம் பயன்படுத்தினால் யூனிட் விலையும் ஏறும் அடுக்குக் கட்டணம் உள்ள இடங்களில், சோலார் முதலில் வெட்டுவது உச்சியில் இருக்கும் விலை கூடிய யூனிட்டுகளை. அங்கே சராசரிக் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டால் லாபத்தைக் குறைத்துக் காட்டியவர்கள் ஆவீர்கள். பெரிய பில் கட்டும் வீட்டுக்குச் சோலார் சீக்கிரம் காசைத் திருப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அடிமட்ட அடுக்கிலேயே இருக்கும் சின்ன வீட்டுக்கு, அதுவும் அந்த அடுக்கு ஏற்கெனவே மலிவாக இருந்தால், உங்கள் அமைப்பு பதினைந்து ஆண்டானாலும் முதலைத் திருப்பாமல் போகலாம். அந்த வீட்டுக்காரரிடம் "உங்களுக்கு இப்போது வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு வாய் வர வேண்டும். நிலைக் கட்டணம் என்று பில்லில் ஒரு வரி இருக்குமே, அதைச் சூரியன் தொடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பில் பூஜ்ஜியம் ஆகும் என்ற பேச்சு அங்கேதான் தடுக்கி விழுகிறது.

அடுத்தது தயாரிப்பு அளவு. சில கொட்டேஷன்களில் 3 கிலோவாட், நாளுக்கு 5 மணி நேர முழு வெயில், 365 நாள் என்று நேரே பெருக்கி 5,475 யூனிட் போட்டிருக்கிறீர்கள். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் வாட் எண், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியில், பேனலுக்குள் இருக்கும் சூரிய செல் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் அளந்தது. கூரையில் நல்ல வெயில் அடிக்கும் நேரத்தில் செல் 25 டிகிரியில் இருக்கவே இருக்காது. காற்று 35 டிகிரி என்றால் செல் 60, 65 வரை போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை திறன் குறையும். 40 டிகிரி கூடினால் ஏறத்தாழ 14 சதவீதம் அப்போதே போச்சு. தூசி, கம்பி, இன்வெர்ட்டர் இவற்றின் இழப்பையும் சேர்த்தால், பெருக்கி வந்ததில் 75 முதல் 80 சதவீதம் கையில் கிடைத்தால் நல்ல அமைப்பு. அப்படித்தான் 5,475 என்பது 4,200 ஆகிறது. வெயில் கொளுத்தும் இடத்தில் கரண்ட் கொட்டும் என்று நீங்கள் சொல்லும்போது, பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு ஆகாது என்பதையும் சொல்லலாம். குளிர்ந்த, தெளிந்த நாளில்தான் பேனல் உற்சாகமாக இருக்கும்.

ஊகிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் நடத்தும் பி.வி.ஜி.ஐ.எஸ்., அமெரிக்காவில் உருவான பி.வி.வாட்ஸ், உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் எல்லாம் இலவச இணையக் கருவிகள். இடத்தைக் குறித்து, கூரையின் சாய்வையும் திசையையும் கொடுத்தால், பல ஆண்டு வெயில் பதிவை வைத்து மாத வாரியாக யூனிட் கணக்கு வரும். ஜெர்மனியில் ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டில் ஆயிரம் யூனிட் கிடைத்தாலே சந்தோஷப்படுவார்கள். வெப்ப மண்டலத்தில் 1,400, 1,500 சாதாரணம். அந்த வித்தியாசத்தைக் கருவி தானாகவே சொல்லிவிடும். நிழலை மட்டும் அது சொல்லாது. பக்கத்து வீட்டுச் சுவரும், தண்ணீர்த் தொட்டியும், நாலு மணிக்கு மேல் சாயும் மரத்தின் நிழலும் உங்கள் ஆள் நேரில் ஏறிப் பார்க்க வேண்டியவை. பேனல்களைத் தொடராகக் கோத்திருக்கும்போது ஒன்றில் விழும் நிழல் அதோடு நிற்பதில்லை. வரிசை முழுவதையும் இழுத்துவிடக்கூடும். நிழல் பட்ட பகுதியைத் தாண்டி மின்சாரத்தை விடும் பைபாஸ் டயோடு உள்ளே இருந்து கொஞ்சம் காப்பாற்றும், முழுவதும் அல்ல. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, இருந்த இடத்திலிருந்தே கொட்டேஷன் அனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

இனி, அந்த 8 சதவீதம். கட்டணம் ஏறும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு 8 சதவீதம் என்று 25 ஆண்டுக்கு நீட்டினால், கடைசியில் யூனிட் விலை இன்றைக்கு இருப்பதைப்போல ஏறத்தாழ 7 மடங்கு. 3 சதவீதம் என்றால் இரண்டு மடங்குதான். "25 ஆண்டில் இவ்வளவு சேமிப்பு" என்று தாளின் அடியில் நீங்கள் போடும் பெரிய தொகையின் பாதிக்கு மேல் இந்த ஓர் ஊகத்திலிருந்து வருகிறது. ஊகம் வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஏற்றமே இல்லாமல் ஒரு கணக்கு, நீங்கள் நம்பும் ஏற்றத்தோடு ஒரு கணக்கு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எதை நம்புவது என்று வாங்குபவர் முடிவு செய்துகொள்வார்.

எதிர்ப்பக்கம் ஓர் ஊகத்தை நீங்கள் மறைக்கவும் செய்கிறீர்கள்: விதிகள் மாறாது என்பது. ஜெர்மனி 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வெளியே கொடுக்கும் யூனிட்டுக்கு 20 ஆண்டு நிலையான விலையை உறுதி செய்தது. முதலில் சேர்ந்தவர்களுக்கு அந்தக் காலம் 2020 முடிவில் தீர்ந்தது. பிரிட்டன் 2010-இல் தொடங்கிய நிலை விலைத் திட்டத்தை 2019-இல் புதியவர்களுக்கு மூடியது. கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு, வெளியே கொடுக்கும் யூனிட்டின் மதிப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்துபோனது. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய முறை தொடர்ந்தது. மூன்று இடத்திலும் கவனிக்க வேண்டியது ஒன்று: முன்னால் சேர்ந்தவரைக் காப்பாற்றியது, இத்தனை ஆண்டுக்கு என்று எழுதிக் கொடுத்த உறுதி. ஆகவே, இன்று இருக்கும் நெட் மீட்டரிங் விதி எத்தனை ஆண்டுக்கு எழுத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு என்ன என்ற இரண்டு விவரமும் உங்கள் தாளில் வர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லை என்றால், இல்லை என்று போடுங்கள். சொந்தப் பயன்பாட்டை வைத்தே முதலைத் திருப்பும் அமைப்புக்கு இந்தப் பயம் குறைவு. சின்னதாகப் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேனல் தேய்மானத்தைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், நீங்களும் பெரிதாகப் பதில் சொல்கிறீர்கள். ஆண்டுக்கு அரை சதவீத அளவில் குறையும். 25-ஆவது ஆண்டிலும் 88 சதவீதத்துக்குப் பக்கத்தில் வேலை செய்யும். போட்ட காசு கைக்கு வரும் ஏழெட்டு ஆண்டுக்குள் இது கணக்கை அசைக்காது. இதை விட்டுவிடலாம்.

பேனலின் திறன் சதவீதமும் அப்படித்தான். அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1954-இல் உலகுக்குக் காட்டிய சிலிக்கான் செல், வெளிச்சத்தில் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இன்று கடைப் பேனல்கள் 20 முதல் 23 சதவீதம் வரை வந்துவிட்டன. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் 20 சதவீதப் பேனலில் 3 கிலோவாட் என்றாலும் 3 கிலோவாட்தான், 22 சதவீதப் பேனலில் என்றாலும் 3 கிலோவாட்தான். பின்னது கொஞ்சம் குறைந்த இடத்தை அடைக்கும், அவ்வளவே. கூரையில் இடம் தாராளமாக இருப்பவருக்கு அந்த இரண்டு சதவீதத்தைக் கூடுதல் விலைக்கு விற்பது நியாயமில்லை.

இன்வெர்ட்டர் வேறு விஷயம். பேனலுக்கு 25 ஆண்டு என்று அச்சிடும் அதே பக்கத்தில் இன்வெர்ட்டருக்கு 5 அல்லது 10 ஆண்டு வாரண்ட்டி சின்ன எழுத்தில் இருக்கும். அது ஓடுவது பொதுவாக 10 முதல் 15 ஆண்டு. அதாவது 25 ஆண்டில் ஒரு தடவையாவது மாற்றியாக வேண்டும். அந்தச் செலவை 13-ஆவது ஆண்டில் வைத்துக் காட்டும் கொட்டேஷனை நான் கண்டதில்லை. வாரண்ட்டியிலும் இரண்டு உண்டு: பொருள் பழுதுக்கு ஒன்று, திறன் குறைவுக்கு ஒன்று. 25 ஆண்டு என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டாவது. பேனல் பழுதாகித் தயாரிப்பாளர் புதிதாக அனுப்பினாலும், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் கூலி யாருடையது? அதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

கடனுக்கு வருவோம். "தவணை கட்டுங்கள், பில் மிச்சமே தவணையை அடைத்துவிடும்" என்கிறீர்கள். 10 சதவீத வட்டியில், குறையும் நிலுவை முறையில் 5 ஆண்டுக் கடன் என்றால், வாங்கிய ஒவ்வொரு 100-க்கும் மொத்தம் 127-க்கு மேல் கட்டுவார்கள். நம் எடுத்துக்காட்டு வீட்டின் 18,900 யூனிட் 24,000-ஐத் தாண்டிவிடும். ஏழரை ஆண்டு ஒன்பதரை ஆகிவிடும். கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி போட்டு, "ஃபிளாட் 10 சதவீதம்" என்று சொல்லும் இடங்களில் அதே 5 ஆண்டுக்கு 150 கட்ட வேண்டும். அது உண்மையில் 17 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டி. இந்த வீட்டில் மாதச் சேமிப்பு 210 யூனிட் மதிப்புதான். தவணையோ, 10 சதவீதக் குறையும் வட்டியிலேயே மாதம் 400 யூனிட் மதிப்பு. ஏறத்தாழ பாதிதான் அடையும். தவணையும் சேமிப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டும் என்று சொல்வதற்கு முன் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மானியமும் முன்னால் கழியாமல், வேலை முடிந்து பல மாதம் கழித்து வருகிறது என்றால், அதுவரை முழுத் தொகைக்கும் வட்டி ஓடும்.

பேட்டரி பற்றி உங்களிடம் கேட்டால் பேச்சு தேனாக ஓடுகிறது. அதன் வருமானம் ஒன்றே ஒன்று: மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வெளியே போயிருக்க வேண்டிய யூனிட்டை இரவுவரை பிடித்து வைத்து, முழு விலை யூனிட்டை வாங்காமல் செய்வது. 5 யூனிட் பேட்டரியில் தினமும் 5 யூனிட் ஏற்றினால் நாலரை யூனிட் திரும்பக் கிடைக்கும் என்று வைப்போம். ஏற்றிய ஐந்தை விற்றிருந்தால் கிடைத்திருக்கும் மதிப்பைக் கழித்தால், நாளுக்கு மிஞ்சுவது 2.8 யூனிட். ஒரு நாள்கூட விடாமல் நிறைந்து வடிந்தால் ஆண்டுக்கு ஆயிரம் யூனிட்டை ஒட்டி வரும். பேட்டரியின் விலை 10,000 யூனிட்டுக்குச் சமம் என்றால் போட்ட காசு வரவே பத்து ஆண்டு. வாரண்ட்டியும் பெரும்பாலும் பத்து ஆண்டுதான். மழை நாளும் மேகமும் சேர்ந்தால் அதையும் தாண்டும். ஒன்றுக்கு ஒன்று நெட் மீட்டரிங் உள்ள இடத்தில் பேட்டரிக்குப் பில்லில் வருமானமே கிடையாது. மாலை நேரத்துக்கு மட்டும் கட்டணம் எக்கச்சக்கமாக ஏறும் ஊர்களில் நிலைமை வேறு. அங்கே அது தன் சோற்றைத் தானே சம்பாதிக்கும்.

கரண்ட் போனால் வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்பதற்காகப் பேட்டரி வாங்குவது முழுக்க நியாயமானது. அதை நிம்மதிக்கான செலவு என்று விற்றுவிடுங்கள். சேமிப்பு என்று விற்காதீர்கள். இதையொட்டி இன்னொன்று. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பு, வெளியே கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் நிற்கும். கம்பத்தில் வேலை செய்பவரின் மேல் உங்கள் வீட்டிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டர் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அவசியமான பாதுகாப்பு. பணம் கட்டிய பிறகு, முதல் மின்வெட்டில் இதைத் தெரிந்துகொள்ளும் வீடுகள் எத்தனையோ. "சோலார் இருந்தும் ஏன் சார் இருட்டு?" என்ற கேள்வி உங்களுக்கே பழகிப்போயிருக்கும்.

விலைப் பிரிப்பையும் கேட்கிறேன். கடந்த பதினைந்து ஆண்டில் பேனலின் விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கொட்டேஷனின் மொத்தத் தொகை அந்த வேகத்தில் இறங்கவில்லை. காரணம், இன்று வீட்டு அமைப்பின் விலையில் பேனல் சிறுபகுதிதான். தாங்கும் சட்டம், கம்பி, எர்த்திங், கூலி, அனுமதி, விளம்பரம், பிரதிநிதியின் கமிஷன் எல்லாம் மீதி. அமெரிக்காவில் வீட்டுக் கூரைச் சோலாருக்கு ஒரு வாட்டுக்கு ஆகும் செலவு ஆஸ்திரேலியாவில் ஆவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பேனல்கள் என்னவோ ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வித்தியாசத்தின் பெரும்பகுதி இந்த மீதியில் இருக்கிறது. ஆகவே பேனல் இவ்வளவு, இன்வெர்ட்டர் இவ்வளவு, சட்டமும் கம்பியும் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். கமிஷன் எவ்வளவு என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் சட்டத்திலும் இணைப்பிகளிலும் மிச்சம் பிடித்து விலையைக் குறைத்திருக்கிறீர்களா என்று தெரிந்தாக வேண்டும். ஒன்றோடொன்று பொருந்தாத இணைப்பிகளை அழுத்தி மாட்டிய இடத்தில்தான் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் அதிகம். ஏழரை ஆண்டுக் கணக்கு எதுவும் அதற்கு ஈடு கட்டாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்களுக்குச் சாதகமான ஒன்று. ஏழரை ஆண்டு என்பது வெட்கப்பட வேண்டிய எண்ணே இல்லை. கடன் வாங்காமல், மின்கட்டணம் கொஞ்சமும் ஏறாது என்று வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு அரை சதவீதத் தேய்மானத்தையும் கழித்து, 13-ஆவது ஆண்டில் 3,000 யூனிட் மதிப்பில் புது இன்வெர்ட்டரும் வாங்கினால்கூட, 25 ஆண்டில் போட்ட காசு ஆண்டுக்கு 11 சதவீதத்துக்கு மேல் வட்டி ஈட்டியதற்குச் சமம். பத்து ஆண்டில் திரும்பும் அமைப்பும் இதே போன்ற கணக்கில் 7, 8 சதவீதம் கொடுக்கும். மிச்சமான பில்லுக்கு யாரும் வருமான வரி கேட்பதில்லை. வங்கி வைப்பை நம்பும் மனிதருக்கு இது நன்றாகவே புரியும் மொழி. நாலு ஆண்டு என்று கேட்டு வாங்கியவர், ஐந்தாம் ஆண்டில் ஏமாந்துவிட்டோம் என்று பத்துப் பேரிடம் சொல்வார். ஏழரை என்று கேட்டு வாங்கியவர் ஆறரையில் முதலைப் பார்த்தால் அதே பத்துப் பேரை உங்களிடம் அனுப்புவார். வியாபாரம் தெரிந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் தாளில் "ஆண்டுக்கு இத்தனை யூனிட்" என்று போடுகிறீர்கள் அல்லவா? முதல் ஆண்டில் மீட்டர் அதில் 90 சதவீதத்துக்குக் கீழே காட்டினால், குறைந்த யூனிட்டுக்கு இன்றைய கட்டணத்தில் பணம் தருவோம் என்று அதன் கீழேயே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உற்பத்தி எண்ணை இன்வெர்ட்டரே கைப்பேசியில் காட்டுகிறது, சண்டைக்கு இடமில்லை. அப்படி எழுதித் தரும் கொட்டேஷன் ஒன்று என் கைக்கு வந்தால், மற்றதைவிட விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
கூரையில் பேனல் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர்